தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு

“பாக்க நல்லாத்தானே இருக்கே? எந்நேரமும் படுத்துக்கிட்டா எப்படி?” மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள இளம்பெண்கள் பலர் வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி இது. கை கால் விளங்குகிறது, காய்ச்சல் இல்லை, முகத்திலும் பெரிதாக வாட்டம் தெரியவில்லை. ஆனால் இரவு முழுக்கத் தூங்கி எழுந்தும், பல் துலக்கித் தலை வாரி முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. மதியத்துக்கு மேல் பேச எடுத்த சொல் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் மனதில் ஏறுவதில்லை. இந்த நோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்காவது இப்படிப்பட்ட களைப்பு இருக்கிறது. நடை தள்ளாடுவதையும் பார்வை மங்குவதையும்விட இதுதான் தங்களை முடக்கிப்போட்டது என்று சொல்பவர்கள் நிறைய. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட நேர்வதற்கும் இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே தடம் மாறி மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் உறையைத் தாக்குகிறது. மயலின் என்ற அந்தக் கொழுப்புறை சரியாக இருந்தால்தான் மின்துடிப்பு வேகமாகப் பாயும். பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ 1868-இல் இதைத் தனி நோயாக விவரித்தார். இன்று உலகில் 28 லட்சம் பேருக்கு மேல் இந்நோயோடு வாழ்கிறார்கள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம்.

உறை பழுதான நரம்புகளை வைத்துக்கொண்டு அன்றாட வேலை செய்வது, கரை உடைந்த வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோவது போல. போய்ச் சேருவது கொஞ்சம், திறந்துவிட வேண்டியதோ அதிகம். விரலை அசைப்பது போன்ற எளிய செயலுக்குக்கூட எம்.எஸ். உள்ளவரின் மூளை மற்றவர்களைவிடக் கூடுதலான பகுதிகளை வேலை வாங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழற்சியின்போது சுரக்கும் வேதிப்பொருள்களுக்கும் இந்த அசதியில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. காய்ச்சல் நாளில் நம்மைப் படுக்கையில் தள்ளுவதும் அவைதான். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம் மட்டுமல்ல, அறிவியல்படியும் தவறு.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சோதனை இருக்கிறது: வெயில். வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், நோயாளிகள் சிலருக்கு உடலை வருத்தி வேலை செய்ததும் பார்வை மங்குவதையும் ஓய்வெடுத்தால் தெளிவதையும் 1890-இல் பதிவுசெய்தார். உழைப்பைவிட, அதனால் ஏறும் உடல் சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. சூடு ஏறும்போது ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும் நேரம் குறைகிறது. நல்ல நரம்பிழைக்கு இது பொருட்டே இல்லை. உறை போன இழையிலோ அந்தக் குறுகிய துடிப்பு அடுத்த இடத்தைத் தூண்டப் போதாமல் பாதியில் அணைந்துவிடுகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே சிலருக்கு இது நேரலாம். வெந்நீரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வரும்போது கண் மங்கிக் கால் துவண்டால் வீடே பதறிப்போகும். உடல் குளிர்ந்ததும் அது சரியாகிவிடும். நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் இல்லை.

இப்போது நம் வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். சித்திரை மாதக் காலை, ஜன்னல் சின்னது, தீ அணைந்துவிடும் என்று மின்விசிறியும் போடுவதில்லை. ஒரு பக்கம் குக்கர், மறுபக்கம் தோசைக்கல். நின்றபடியே ஒன்றரை மணி நேரம். எம்.எஸ். உள்ளவருக்கு இதைவிடப் பொருந்தாத இடம் வீட்டில் வேறு இல்லை. ஆகவே ‘வாழ்க்கை முறையை மாற்றுங்கள்’ என்று மருத்துவர் சொல்லும்போது, அந்த அறிவுரை நோயாளி ஒருத்திக்கு மட்டுமானது என்று வீட்டார் ஒதுங்கிக்கொள்ள முடியாது. காய்கறியைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நறுக்கலாம். அடுப்பு முன்னால் உயரமான ஸ்டூல் ஒன்று போடலாம். தோசை வார்ப்பதைக் கணவரோ வளர்ந்த பிள்ளையோ எடுத்துக்கொள்ளலாம். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வதும், வெளியே கிளம்புமுன் குளிர்ந்த நீரில் குளிப்பதும் செலவில்லாத வழிகள். வெப்பம் தாங்காத எம்.எஸ். நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கவைத்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இடையிடையே ஐஸ் போலக் குளிர்ந்த நீரைக் குடித்தவர்களால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க முடிந்தது. ஐஸ் தண்ணீரைக் கண்டாலே சளி பிடிக்கும் என்று தடுக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரை ஏதும் இல்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். அமாண்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் ஆகிய மூன்றும் இந்தக் களைப்புக்காகப் பல ஆண்டுகள் எழுதித் தரப்பட்டவை. அமெரிக்காவில் 141 பேருக்கு இந்த மூன்றையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. வெற்று மாத்திரையைவிட மூன்றில் எதுவும் மேலாக இல்லை. பிறகு வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், தொலைபேசி வழியாகத் தரப்பட்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை மோடாஃபினிலுக்கு இணையான பலனைத் தந்தது. களைப்பைப் பற்றிய எண்ணங்களையும், ஓய்வு உழைப்புப் பழக்கங்களையும் பயிற்சியாளரோடு பேசிப் பேசித் திருத்திக்கொள்ளும் முறை அது. மாத்திரைச் சீட்டோடு நோயாளியை அனுப்பிவிடுவது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உடற்பயிற்சி விஷயத்தில் மருத்துவம் ஏறக்குறையத் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தில் எம்.எஸ். என்றால் உடம்பை அலட்டிக்கொள்ளாதே என்பதுதான் அறிவுரை. 1996-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 15 வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் உடல் தகுதி கூடியது. ஐயங்கார் யோகாவையும் நிலைச் சைக்கிளையும் ஆறு மாதம் சோதித்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு குழுவினருக்குமே களைப்பு குறைந்திருந்தது. சும்மா இருந்தால் தசை தளர்கிறது, தளர்ந்த தசை இன்னும் சீக்கிரம் களைக்கிறது. ஆனால் அளவு முக்கியம். விடியற்காலையின் குளிர்ச்சியில் பத்து நிமிட நடையில் தொடங்கி, உடம்பு ஏற்றுக்கொள்ளும் வேகத்தில் மெல்லக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நல்ல நாளில்தான் ஆபத்து அதிகம் என்பதை இவர்களோடு பழகியவர்கள் அறிவார்கள். அன்று உடம்பு சொன்னபடி கேட்கிறது என்று துணியெல்லாம் துவைத்து, அலமாரியை ஒழித்து, கடைக்கும் போய்வந்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, களைத்த பிறகு ஓய்வெடுக்காமல் களைப்பு வருமுன்பே ஓய்வெடுக்கக் கற்றுத்தருகிறார்கள் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள். எந்த வேலை எந்நேரத்தில் எவ்வளவு களைக்கவைக்கிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தால் ஒழுங்கு பிடிபடும். பலருக்குக் காலை நேரமே நல்ல நேரம். வங்கி வேலை, கணக்கு, முக்கியமான பேச்சு எல்லாவற்றையும் மதியத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.

எல்லாக் களைப்புக்கும் எம்.எஸ். மீது பழி போடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை ஆகிய மூன்றும் நம் பெண்களிடம் சாதாரணம், மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. இரவில் சிறுநீருக்காக நான்கு முறை எழுபவருக்குக் காலையில் தெம்பு எங்கிருந்து வரும்? குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, கால் குறுகுறுப்பு, மனச்சோர்வு ஆகியவற்றையும், தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் போன்ற மருந்துகள் தரும் மயக்கத்தையும் கூச்சப்படாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். களைப்பு திடீரென்று கூடினால் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, எம்.எஸ். நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குத் தேவையான நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. வெயில் படாத இருக்கை, மதியம் இருபது நிமிடம் சாய்ந்துகொள்ள ஓர் இடம், கூட்டங்களைக் காலையில் வைப்பது ஆகியவை எந்த அலுவலகத்துக்கும் பெரிய செலவு இல்லை. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். மருத்துவரிடம் களைப்பைக் குறிப்பிட்டுச் சான்றும் வாங்கி இணையுங்கள்.