பால் குடித்த பக்கம் தப்பியது, தெரியுமா?

யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி வைப்பது எதற்கு? பால் ஊற! மிளகு, சீரகம், மல்லி, உள்ளி எல்லாம் அம்மியில் அரைபட்டு, பச்சை மீனோடு கொதிக்கும். அப்படி ஊறும் பால் பிள்ளைக்கு மட்டுமல்ல, தாயின் மார்புக்கும் காவல் என்பது தெரியுமா?

2002இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு பெரிய கணக்கு வந்தது. 30 நாடுகள், 47 ஆய்வுகள், மார்பகப் புற்றுநோய் கண்ட 50,302 பெண்கள்! பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு 4.3 வீதம் குறைகிறது. ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் குறையும் 7 வீதம் இதற்குப் புறம்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த மாதங்கள் சேர்த்தே கூட்டப்படும்: மூத்ததுக்கு ஒன்றரை வருஷம், இளையதுக்கு ஒன்றரை வருஷம் என்றால் மூன்று வருஷக் கணக்கு!

எங்கள் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். 2010இல் வெளிவந்த சிறிய இலங்கை ஆய்வொன்றில், மொத்தம் 24 மாதமோ அதற்கு மேலோ பாலூட்டிய தாய்மாருக்கு ஆபத்துத் தெளிவாகக் குறைந்திருந்தது.

என்னை உலுக்கியதோ ஹொங்கொங் கதை. அங்கே தங்கா எனும் மீனவ மக்கள் படகிலேயே குடியிருந்தார்கள். பெண்களின் சட்டை வலப்பக்கம் திறக்கும். அதனால் வலது மார்பில் மட்டுமே பிள்ளைக்குப் பால். 1977இல் ஆய்வாளர்கள் பார்த்தபோது, மாதவிடாய் நின்ற வயதில் புற்றுநோய் கூடுதலாகப் பிடித்தது எதை? பிள்ளை வாய் வைக்காத இடது மார்பை! ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே கடல்.

பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் தள்ளிப்போகும், ஈஸ்ட்ரோஜன் அடங்கியிருக்கும். அது மட்டுமே காரணமென்றால் இரண்டு மார்பும் ஒரேமாதிரித் தப்பியிருக்க வேண்டுமே! மார்புக்குள்ளேயே ஏதோ மாறுகிறது. பாலூட்டியவர்களின் மார்பில் ரி-கலங்கள் எனும் நோயெதிர்ப்புக் கலங்கள் பல பத்தாண்டுகள் தங்கிக் காவல் நிற்பதை 2025இல் மெல்பேர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

பால் கொடுத்தவளுக்கு நோயே வராது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கொடுக்க முடியாமல் போன தாயைக் குறை சொல்லவும் வேண்டாம். பாலூட்டும்போது தட்டுப்படும் கட்டி பெரும்பாலும் பால் கட்டியதுதான். இரண்டு கிழமையில் கரையாவிட்டால், கடல் குழம்பி ஒருநாள் குறிகட்டுவான் துறைக்குப் படகு ஓடாவிட்டாலும் மறுநாள் போய் வைத்தியரிடம் காட்டுங்கள். கட்டி தட்டுப்படாவிட்டாலும், 35 வயதானவர்களின் மார்பைச் சோதிக்கச் சுகவனிதையர் கிளினிக்கில் காசே கேட்பதில்லை!