கையில் நாடி ஏன் தொலைகிறது? சர்க்கரை அதை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

தகயாசு நோயில் உடலின் காவல் செல்கள் சொந்தப் பெருந்தமனி, அதன் கிளைகள் ஆகியவற்றின் சுவரையே தாக்குகின்றன. சுவர் தடித்து உள்வழி குறுகுவதால் சிலருக்கு மணிக்கட்டில் நாடியே தட்டுப்படாது. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு விவரித்த நோய் இது. ஆசியாவில், அதிலும் இளம்பெண்களிடம், கூடுதலாகக் காணப்படுகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது.

குறுகலைச் சாதாரண ஸ்கேனே காட்டிவிடும். அது பழைய தழும்பா, இன்னும் கனலும் அழற்சியா? சிக்கலான கேள்வி இதுதான்.

பெட் ஸ்கேன் இதற்கு உதவுகிறது. கொதித்தெழுந்த காவல் செல்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க ஃபுளோரின்-18ஐப் பொருத்தி ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். பழவேற்காடு ஏரியில் தூண்டில் போடுவதுபோலத்தான்: பசித்த மீன் முந்திக் கவ்வும், கவ்வியதைச் செரிக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. போலிச் சர்க்கரையும் செல்லுக்குள் அப்படியே சிக்கிக்கொள்கிறது.

ஃபுளோரின் உமிழும் பாசிட்ரான் பக்கத்து எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் கிளம்பும். உடலைச் சுற்றியுள்ள உணர்கருவி வளையம் இரண்டையும் ஒருசேரப் பிடித்து, அவற்றை இணைக்கும் கோட்டைக் குறிக்கும். இப்படிச் சேரும் எண்ணற்ற கோடுகளிலிருந்து கணினி படத்தை வரைகிறது. அழற்சியுள்ள தமனிச் சுவர் அதில் ஒளிரும்.

இதயத் தசையும் சர்க்கரைப் பிரியன். ஸ்கேனுக்கு முன் பட்டினி கிடக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். தொற்றும் புற்றும்கூட ஒளிரும் என்பதால் படம் மட்டுமே தீர்ப்பாகாது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து இந்த ஒளியையும் மங்கச் செய்துவிடும். எனவே, நோயாளியின் நிலை இடம்கொடுத்தால், மருந்து தொடங்குமுன் ஸ்கேன் எடுப்பது நல்லது.