வாக்கைக் காக்கும் பண்பை இளையோருக்குக் கற்பிப்போம்

ஏற்றுக்கொண்ட காரியத்தை இளைஞர்கள் பாதியில் கைவிட்டு விடுகின்றனர் என்ற முறைப்பாட்டை வீடுகளிலும் பாடசாலைகளிலும் அடிக்கடி கேட்கின்றோம். உரிய தினத்தில் ஒப்படையைக் கையளிக்காத மாணவனைப் பொறுப்பற்றவன் என்று ஏசிவிடுவது எளிது. ஆனால், பொறுப்புணர்வு ஏச்சினால் வருவதன்று, பழக்கத்தினால் அமைவது. அப்பழக்கத்தை ஏற்படுத்தும் கடமை மூத்தோருக்கே உரியது.

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013 இல் வெளியானது. சித்திரம் வரைவதற்குச் சிறந்த பொருட்கள் கொண்டுவருவதாகச் சிறுவர்கள் அனைவருக்கும் வாக்களிக்கப்பட்டது. ஒரு பாதியினருக்கு அவ்வாக்கு நிறைவேற்றப்பட்டது. மறுபாதியினருக்குச் சாக்குப்போக்கே கிடைத்தது. அதன் பின்னர், சற்றுப் பொறுத்திருந்தால் ஓர் இனிப்புக்குப் பதிலாக இரண்டு தரப்படும் என்று கூறப்பட்டபோது, முதற்பிரிவினர் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்களோ ஏறத்தாழ 3 நிமிடங்களே பொறுத்தனர். பெரியோரின் சொல்லில் நம்பிக்கை இழந்த பிள்ளைக்குப் பொறுமை காப்பதில் பயனேதும் தெரிவதில்லை.

வாக்குத் தவறுவதெல்லாம் வஞ்சனையுமன்று. கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடையே மேற்கொள்ளப்பட்டு 1994 இல் வெளியான ஆய்வில், தமது ஆய்வுக் கட்டுரையை முடிக்க சராசரியாக 34 நாட்கள் போதுமென மாணவர்கள் கணித்தனர். உண்மையில் சுமார் 55 நாட்கள் தேவைப்பட்டன. காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. எனவே, "செய்து முடிக்கிறேன்" என்ற பொதுவான உறுதிமொழியுடன் பிள்ளையை விட்டுவிடலாகாது. எப்போது, எங்கே, எவ்வாறு செய்யப் போகின்றான் என்பதை அவனே எழுதிவைக்கப் பழக்க வேண்டும். பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தினம் குறிக்கச் செய்வதும் அவசியம்.

அவ்வாறிருந்தும் தவறு நேருமாயின், பெற்றோர் இரவோடிரவாக அந்த ஒப்படையைத் தாமே செய்து கொடுப்பது பிள்ளைக்கு இழைக்கும் தீங்காகும். பலர் முன்னிலையில் அவமதிப்பதும் பொய் சொல்லவே கற்பிக்கும். என்ன நடந்தது, அதனால் யார் பாதிக்கப்பட்டனர், எப்படிச் சீர்செய்யலாம் என்ற மூன்று வினாக்களையும் அமைதியாகக் கேட்க வேண்டும். ஆசிரியரிடமோ குழுவின் சக மாணவரிடமோ அவனே சென்று நிலைமையைக் கூறட்டும். வகைகூறல் என்பது இதுவே.

இப்பண்பு நமக்குப் புதியதன்று. திருக்குறள் வினைத்திட்பத்திற்கென 67 ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கின்றது. வாக்குறுதி குறித்து விசாரணை உண்டெனத் திருக்குர்ஆனின் 17 ஆம் அத்தியாயத்து 34 ஆம் வசனம் எச்சரிக்கின்றது. இவற்றை மேடைகளில் எடுத்துரைக்கும் நாம், ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்வதாகப் பிள்ளைக்குக் கூறியதை மறந்துவிடுகின்றோம். இளையோரிடம் கணக்குக் கேட்பதற்கு முன்னர், அவர்களுக்கு நாம் அளித்த வாக்குகளுக்குக் கணக்குக் கொடுப்பதே முறையாகும்.