மதமும் மனச்சாட்சியும்

ஜனத்தொகைக் கணக்கெடுக்க வருபவர் வாயிற்படியில் நின்று, "உங்கள் மதம் யாது?" என்று கேட்கும்போது நம்மில் எவரும் விடையளிக்கத் தாமதிப்பதில்லை. தகப்பனார் சொல்லிவந்த சொல்லையே நாமும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். அதே கேள்வியை ஒருவன் தனித்திருக்குங்கால் தன்னையே கேட்டுக்கொள்வானாயின் அவ்வளவு விரைவில் விடை வராது. எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம், அந்நம்பிக்கை நம்மை எதைச் செய்யத் தூண்டியது, எதைச் செய்யவொட்டாமல் தடுத்தது என்று கணக்குப் பார்ப்பது கடினமான காரியம். பொதுவாழ்வில் இறங்கியோருக்கு அது பின்னும் கடினம். மேடையேறியவனை ஆஸ்திகனா, நாஸ்திகனா என்று கேட்டு, ஒரே வார்த்தையில் விடை வாங்கி, அவன் இன்ன கட்சியென்று முத்திரை குத்திவிடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் இரு தரப்பாருக்கும் சௌகரியமானது. யோசிக்கும் சிரமம் யாருக்குமில்லை.

அச்சிரமத்தை மேற்கொண்டவர்கள் கொங்கு நாட்டில் இருந்திருக்கிறார்கள். 1908-ஆம் வருஷம் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை ராஜத்துவேஷக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுக் கோயமுத்தூர்ச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே அவர் செக்கிழுத்த செய்தியைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அச்சிறையிலிருந்த அவரைச் சென்று கண்டு, வேண்டிய உதவிகளைச் செய்துவந்தவர் முப்பது வயதுள்ள ஒரு கோயமுத்தூர் வக்கீல். சி. கே. சுப்பிரமணிய முதலியார் என்பது அவர் பெயர். சர்க்காரின் கண்ணுக்குப் பகைவனாகிய ஒரு கைதியுடன் உறவு வைத்துக்கொள்வது அக்காலத்து வக்கீலுக்கு எத்துணை ஆபத்தானதென்று நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

முதலியார் சைவக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் கந்தசாமி முதலியாரும் தமிழறிந்தவர். பிதிரார்ஜிதமாகச் சமயம் கைக்கு வந்துவிட்ட நிலையில் பலர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இவரோ அதை வெளியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். 1930-களின் நடுவில் பெரியபுராணத்துக்கு உரை வெளியிடத் தொடங்கி, 4,000-க்கு மேற்பட்ட செய்யுட்களுக்கும் உரை கண்டு, ஏழு பகுதிகளாக அச்சேற்றி முடிக்க ஏறக்குறைய இருபது வருஷங்களாயின. சிவக்கவிமணி என்ற பட்டம் அவரைத் தேடி வந்தது. தம் வாழ்க்கையை அவர் எழுதியபோது தம்மைப் "பித்தன்" என்றே குறித்துக்கொண்டார். இப்பெயரின் பின்னே ஒரு வழக்கு இருக்கிறது. திருமணப் பந்தலில் சுந்தரரை மறித்த கிழவேதியர், அவர் தமக்கு வழிவழி அடிமையென்று ஓலை காட்ட, சுந்தரர் அவரைப் பித்தனென்று ஏசி ஓலையைக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. மூல ஓலையும் பாட்டனார் கையெழுத்தும் ஒப்புநோக்கப்பட்டு, சுந்தரர் தோற்கிறார். பத்திரமும் சாட்சியமுமாகக் காலங்கழித்த ஒரு வக்கீலின் நெஞ்சில் இக்கதை தைத்ததில் வியப்பென்ன! முடிவில் முதலியார் துறவு பூண்டு, 1961-இல் காலமானார்.

சிறைக்குள்ளிருந்த பிள்ளையவர்களின் சமயமும் ஓரிடத்தில் நின்றுவிட்டதன்று. சிறைப்படுவதற்கு முன்னரே, கண்ணிழந்த துறவியாகிய இராமையா தேசிகரை, ஜாதியைக் காட்டி ஊரார் ஆட்சேபித்தும் கேளாமல், தம் வீட்டில் வைத்து உபசரித்தவர் அவர். பரிமாறியவர் அவருடைய மனைவியார் வள்ளியம்மை. சிறையில் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூலைப் படித்துத் தமிழாக்கினார். உடன் சிறையிருந்தோருக்காக மெய்யறம் இயற்றினார். விடுதலையாகி வறுமையில் உழன்ற பிற்காலத்தில், 1935-இல், சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டார். வீட்டில் ஒரு விருந்தினருக்கு இட்ட இலையும் சித்தாந்த உரையும் ஒரே வழியில் இருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

அதே வழியில் புறப்பட்டு வேறு முடிவை அடைந்தவர் ஈரோட்டிலே இருந்தார். முதலியாருக்கு ஒரு வயது இளையவராகிய பெரியார் ஈ. வெ. ராமசாமி வைஷ்ணவ பக்தி மிகுந்த வணிகர் வீட்டில் 1879-இல் பிறந்தவர். 1904-இல் காசிக்குச் சென்ற அவர் பிராமணரல்லாதார் என்ற காரணத்தால் அன்னசத்திரத்தினின்றும் தள்ளப்பட்டு, எச்சிலிலைச் சோற்றால் பசி தீர்த்த கதை பிரசித்தம். ஆனால் அன்றே அவர் கோயிலை விட்டு வெளியேறிவிட்டார் என்று எண்ணுவது பிழை. ஊர் திரும்பித் தேவஸ்தானக் கமிட்டியின் பொறுப்பையும் வகித்தார். 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் மனிதர் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார். 1925-இல் "குடி அரசு" தொடங்கியபோது அதைத் தொடங்கி வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள் என்னும் சைவ மடாதிபதி! இதை இன்று பெரியாரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அதிகமாகப் பேசக் காணோம். அவருடைய மறுப்பு இருபது வருஷத்துக்கு மேற்பட்ட விசாரணையின் விளைவு. காசு கொடாமல் வாங்கிய நாஸ்திகம் அன்று அது.

திருப்பூரிற் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் இவ்விருவருக்கும் ஒரு தலைமுறை இளையவர். ராமகிருஷ்ணரின் நெறியையும் காந்தியடிகளின் கட்டளையையும் சேர்த்தே ஏற்று, மணஞ்செய்துகொள்ளாமல், பன்முறை சிறை சென்று, 1930-இல் ராமகிருஷ்ண வித்தியாலயத்தை நிறுவினார். அவருடைய சமயம் பள்ளிக்கூடமாயிற்று.

நமது கணக்கை நாம் சொல்லாமல் பிறர் கணக்கை மட்டும் வாசிப்பது நியாயமன்று. நாம் கடவுளை நம்புகிறோம். பேரூர்ப் பட்டீசுவரர் சந்நிதியில் நிற்கும்போது மனம் அடங்குகிறது. இதற்குமேல் ருசு கேட்பாருக்குக் காட்ட நம்மிடம் ஓலை ஏதுமில்லை. பெரியாரின் முடிவை நாம் ஏற்கவில்லை. அவர் கேட்ட கேள்வியைத் தள்ளவும் நம்மால் இயலவில்லை. ஏனெனில் அக்கேள்வி பெரியபுராணத்துக்குள்ளேயே இருக்கிறது. திருநாளைப்போவாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகிற்று. தில்லையிலோ அவர் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே புகுந்தார். எண்ணூறு வருஷங்களுக்கு மேலாக இச்சரிதத்தைப் படித்துக் கண்ணீர் பெருக்கிய நம்மவர், அக்கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் இனத்தாருக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தனர். 1939-இல் மதுரையில் வைத்தியநாதையர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே சென்றார். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கதவைத் திறந்தது பக்தியா, சட்டமா, அன்றிச் சமயத்தை எதிர்த்தவர்களின் கூக்குரலா என்று ஆஸ்திகர்கள் தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலியாரும் தம் உரையில் அத்தீயைக் கடந்துதான் சென்றிருக்க வேண்டும். சிவாலயத்தில் அறுபத்துமூவர் வரிசையில் திருநாளைப்போவாரும் கைகூப்பி நிற்கிறார். மற்றவர் முன் வேண்டிக்கொள்ள நமக்கு ஏதேனும் இருக்கிறது. அவர் முன் நின்றால் என்ன கேட்பதென்று இன்னும் தோன்றவில்லை.