உயிருள்ள செல்லை அச்சிடும் இயந்திரம்!
மை தருவது யார்?

லேக் மார்க்கெட்டில் இருந்து ரவீந்திர சதன் போகும் வழியில், பவானிபூரில் இருக்கிறது எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரி. பழைய "பி.ஜி." ஆஸ்பத்திரி. பறவைகளுக்கு மலேரியாவைக் கொசு பரப்பும் விதத்தை ரொனால்டு ராஸ் 1898-ல் கண்டறிந்தது இங்கேதான்.

இங்கு தோல் வங்கி ஒன்று உண்டு. இறந்தவர் தோலைப் பதப்படுத்தி வைத்து, தீயில் வெந்தவர் புண் மீது போர்த்துகிறார்கள். கிருமியும் நீரிழப்பும் தடுக்கப்படும். ஆனால் அது இரவல் தோல். சில வாரங்களில் உதிர்ந்து விடும்.

நிலைத்து நிற்கும் தோலை இயந்திரத்தில் செய்ய முடிந்தால்?

தேன்குழல் போல

விஞ்ஞானிகள் அதற்குத்தான் முயல்கிறார்கள். மைக்குப் பதில், உயிருள்ள செல்களைக் கடற்பாசிப் பசை, ஜெலட்டின் போன்ற கூழில் கலக்கிறார்கள். தேன்குழல் பிழிவது போல, கம்ப்யூட்டர் காட்டும் வடிவத்தில் இயந்திரம் அதை அடுக்கடுக்காகப் பிழிகிறது. உடற்சூட்டில், சத்து நீரில் வைத்தால் செல்கள் பெருகி ஒன்று சேர்கின்றன.

முயலின் கண்ணில்

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஐதராபாத்தில் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையம், ஐ.ஐ.டி., செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் மூன்றும் சேர்ந்து கருவிழிப் படலத்தை அச்சிட்டு, முயலின் கண்ணில் பொருத்தின. 2022-ல் இச்செய்தி வெளியாயிற்று.

கருவிழிப் படலத்தில் ரத்தக் குழாய் கிடையாது. கனமும் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஈரல், சிறுநீரகம் அப்படி அல்ல. மயிரினும் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஊடே ஓடாவிட்டால், உள்ளே இருக்கும் செல்கள் பிராணவாயு கிடைக்காமல் மடிந்து விடும். விஞ்ஞானிகள் திணறுவது அங்கேதான்.

ஆறு மணி நேரம்

ஐதராபாத்தில் அந்த "மை" எங்கிருந்து வந்தது தெரியுமா? மனிதர்கள் தானம் செய்த கண்களில் இருந்து! அந்தத் திசுவையும் அதில் எடுத்த மூலச் செல்களையும் கொண்டே படலம் உருவானது.

ஆகவே, இயந்திரம் வந்து விட்டது, இனி தானம் எதற்கு என்று இருந்து விடக் கூடாது.

இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்துவது நல்லது. கண்ணாடி அணிந்தவரும், புரை நீக்கிக் கொண்டவரும் தானம் செய்யலாம். முகம் விகாரமாகாது.

துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நம் விருப்பத்தை வீட்டாரிடம் இன்றே சொல்லி வைப்போம்.