'கோன்' என்ற சொல் வந்த கதை

"அவன் என்னைக் கோன் பண்ணிவிட்டான்" என்று நம் இளைஞர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். தமிழில் கோன் என்றால் அரசன். அந்தக் கோனுக்கும் இந்தக் கோனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது ஏமாற்றுதலைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல். 'கோன்ஃபிடன்ஸ்' என்ற நீண்ட சொல்லின் தலை மட்டும் நின்று கோன் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், கோன்ஃபிடன்ஸ் என்பதற்கு நம்பிக்கை என்று பொருள்!

நம்பிக்கை எப்படி மோசடிக்குப் பெயராயிற்று? அமெரிக்காவில், நியூயார்க் நகரில் வில்லியம் தாம்சன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு வேறு பெயர்களும் உண்டு. கண்ணியமான தோற்றத்தோடு தெருவில் வருவான். வசதியுள்ள ஒருவரை நிறுத்தி, நெடுநாள் பழகியவன்போல் பேசுவான். பேச்சின் நடுவே, "உங்கள் கடிகாரத்தை நாளை வரை என்னிடம் கொடுத்து வைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை உண்டா?" என்று கேட்பான். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கு வாய் வரும்? தெரிந்த மனிதராயிற்றே, பெயரை நாம்தான் மறந்துவிட்டோமோ என்று ஒரு கூச்சம். கடிகாரம் கை மாறும். போனவன் போனவன்தான்.

'நியூயார்க் ஹெரால்ட்' என்ற பத்திரிகை 1849இல் அவனைக் 'கோன்ஃபிடன்ஸ் மேன்', அதாவது நம்பிக்கை மனிதன், என்று குறிப்பிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. ஹெர்மன் மெல்வில் என்னும் எழுத்தாளர் 1857இல் அதே பெயரில் ஒரு நாவலே எழுதினார். கதை நடக்கும் நாள் ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினம்! பிற்காலத்தில் சொல் தேய்ந்து கோன் ஆயிற்று.

நாம் இதை 'நம்பவைத்துக் கழுத்தறுப்பது' என்கிறோம். எனக்கென்னவோ ஆங்கிலச் சொல்லைவிட நம்முடையதே தெளிவாகப் படுகிறது. நம்பவைப்பதுதானே முதல் வேலை? லயத்து வாசலில் நின்று "அக்கா, அண்ணே" என்று உறவு கொண்டாடுபவனும், தொலைபேசியில் அதிகாரியின் குரலில் மிரட்டுபவனும் செய்வது அதைத்தான்.

பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் ஊரைக் கூட்டிக் கத்துகிறோம். நம் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. சம்பளப் பணத்தை ஒருவனிடம் இழந்துவிட்டு, கணவனுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்துச் சரிக்கட்டிய தாய்மார்கள் உண்டு. அந்த வெட்கம்தான் அவனுக்குப் பாதுகாப்பு. பக்கத்து லயத்திலும் அதே கதையைச் சொல்லிப் பணம் வாங்கிப் போகிறான்.

தாம்சன் அகப்பட்ட விதம் வேறு. 1848 மே மாதம் 110 டாலர் பெறுமானமுள்ள தங்கக் கடிகாரத்தை அவனிடம் கொடுத்து ஏமாந்தவர், ஓராண்டுக்கு மேலாகியும் அந்த முகத்தை மறக்கவில்லை. தெருவில் கண்டதும் போலீஸ்காரரிடம் காட்டினார். 1849 ஜூலையில் தாம்சன் பிடிபட்டான். அவனிடம் இப்படி ஏமாந்த மற்றவர்களும் நேரில் வந்து ஆளைப் பார்க்கும்படி பத்திரிகையில் அறிவிப்பு வந்தது.