வீட்டிலே ஒரு சிறு கடல்

கடலடியில் வாழும் உயிர்களைக் கரையிலிருந்தே கண்டு களிக்க வேண்டுமென்னும் அவா மக்களுக்கு இயல்பாக உள்ளது. வண்ண மீன்களும், மலரென விரியும் கடற்சாமந்திகளும் நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் உலவக் காண்பது இன்பமன்றோ? நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகிய மாணவர் சிலர் அடுத்தபடியாக இதனை நாடுகின்றனர். ஆயின், தொட்டியையும் உப்பையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்து, ஒரு திங்களுக்குள் மீன்களை இழந்து மனஞ்சோர்வாரும் உளர். இதன் காரணம் யாது, இதனைத் தவிர்க்கும் நெறி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இம்முயற்சி பழைமையானதே. 1846-ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கில அம்மையார் டார்க்கிக் கடற்கரையில் கிடைத்த பவள உயிர்களை இலண்டனிலுள்ள தம் இல்லத்திற்குக் கொண்டு சென்று வளர்த்தார். கடல்நீரைத் திறந்த பலகணியின் அருகே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்து, அதிற் காற்றுக் கலக்குமாறு பார்த்துக்கொண்டார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒரு மீன்காட்சியகம் தோன்றிப் பல்லாண்டு மக்களை மகிழ்வித்தது. அன்னா அம்மையார் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. நாம் பேண வேண்டுவது முதலில் நீரையே. நீர் நலமுற்றிருப்பின் மீனும் நலமுற்றிருக்கும்.

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. பரந்த கடலில் அது கரைந்து மறையும். சிறிய தொட்டியிலோ நாள்தோறும் பெருகி மீனைக் கொல்லும். இயற்கை இதற்கு மாற்று வைத்துள்ளது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றது. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றது. ருஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி இத்தகைய நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டையொட்டிப் பிரித்துக் காட்டினார். இவை புதிய தொட்டியிற் போதிய அளவு இரா. மணலிலும் நுண்துளைக் கற்களிலும் பற்றிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அதற்கு முன்னரே மீனை விடுவோர் அதனை நஞ்சில் விட்டவராவர்.

இனிச் செய்முறை. தொடக்கத்தார்க்கு 100 லிட்டருக்குக் குறையாத தொட்டியே ஏற்றது. நீர் மிகுந்திருப்பின் வெப்பமும் உப்பின் அளவும் விரைவில் மாறா. நீரின் நிறை மட்டுமே 100 கிலோவைக் கடக்குமாதலின், தாங்குபலகை உறுதியாயிருத்தல் வேண்டும். வெயில் நேரே படும் இடம் ஆகாது. சமையல் உப்பு இதற்குப் பயன்படாது. கால்சியம், மக்னீசியம் முதலியன கலந்த கடலுப்பையே லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம், குளோரின் நீக்கிய நீரில் நன்கு கரைத்தல் வேண்டும். ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 25 பாகை செல்சியஸை ஒட்டியும் இருப்பது நன்று. நகரக் கடற்கரை நீரில் கழிவுகள் கலந்திருத்தல் கூடுமாதலின் அதனை முகந்து ஊற்றுதல் தகாது.

பின்னர் வடிகட்டியையும் நீரோட்டம் தரும் பொறியையும் இயக்கி, மீன் இல்லாத தொட்டியிற் சிறிது மீனுணவை இட்டு வைக்க வேண்டும். அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவாகும். சோதனை மருந்துகளைக் கொண்டு வாரந்தோறும் நீரைப் பார்த்து வருக. அம்மோனியா ஏறி இறங்கும். பின் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் முற்றும் மறைந்து நைட்ரேட் மட்டும் காணப்படுங்கால் தொட்டி உயிர்க்கு உரியதாயிற்று என்று அறிக. அப்பொழுதும் ஒன்றிரண்டு மீன்களே விடுக. சில வாரம் கழித்தே மேலும் சேர்க்கலாம்.

அன்றாடக் காவலில் ஒன்றை மறத்தலாகாது. ஆவியாய்ச் செல்வது நீரே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலின் குறைந்ததை நன்னீரால் நிரப்புக. உப்புநீரால் நிரப்பின் உப்பு நாளடைவில் மிகும். இரண்டு வாரத்திற்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை நீக்கி, அதே அளவு புதிய உப்புநீரை ஊற்றுதல் வேறு கடமை. நைட்ரேட் குறைவது அதனாலேயாம். மின்சாரம் நின்றால் பிராணவாயு விரைவிற் குறையும். மின்கலத்தால் இயங்கும் காற்றுக்கருவி ஒன்று அருகில் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தையோ கடற்குதிரையையோ எடுத்து வந்து தொட்டியை அணிசெய்ய நினைப்பது அறமும் அன்று, சட்டமும் அன்று; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கின்றது. கோமாளி மீனோ மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டுள்ளது. அவ்வாறு வளர்ப்பிற் பிறந்த மீன்களையே கேட்டு வாங்குக. அவை தொட்டி வாழ்விற்குப் பழகியவை, கடலுக்கும் அவற்றால் இழப்பில்லை. கடலில் உள்ள மீன் தனக்கு ஒவ்வா இடத்தை விட்டு விலகிச் செல்ல வல்லது; தொட்டியில் உள்ளதற்கு அவ்வழி இல்லை. அதன் நீரும் காற்றும் உணவும் நம் கையிலுள்ளன. ஆறு வாரம் வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை உடையோர் இம்முயற்சியில் இறங்குக. ஏனையோர் பிறர் தொட்டியைக் கண்டு மகிழ்வதே நன்று.